வாட்ஸ்அப்பில் அலைக்குறி போட்டு அவதிப்பட்ட கதை

வேளச்சேரியிலிருந்து:

எங்கள் குடியிருப்பில் 18 வீடுகள். போன ஆண்டு சங்கச் செயலாளர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மே மாதம் கிணறு வற்றியதும் லாரித் தண்ணீர் வாங்க வேண்டியதாயிற்று. வீட்டுக்கு 1,850 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் குழுவில் அறிவிப்பு எழுதினேன். தொகை கண்ணில் படட்டும் என்று, கோலத்துக்குப் பூ வைப்பதுபோல எண்ணின் இரண்டு பக்கமும் ஓர் அலைக்குறி (~) வைத்தேன். அனுப்பிவிட்டுத் தொட்டியைப் பார்க்க மொட்டைமாடிக்குப் போனேன்.

அங்கேதான் வினை. இரண்டு அலைக்குறிகளுக்கு நடுவில் ஒட்டினாற்போல் எது சிக்கினாலும் வாட்ஸ்அப் அதன்மேல் கோடு கிழித்துவிடும். இறங்கி வந்து பார்த்தால் 1,850 அடிக்கப்பட்டுக் கிடக்கிறது. மூன்றாம் மாடி மாமி, "சங்க நிதியிலிருந்தே கொடுத்துவிடுகிறீர்களா? நல்ல மனது" என்று எழுதியிருந்தார். அதன் கீழே வரிசையாகக் கைகூப்பிய படங்கள். அனுப்பிய 15 நிமிடத்துக்குள் திருத்தலாம். நான் மாடியில் கழித்தது அரை மணி நேரம். பிறகு எழுதிய விளக்கத்தை யார் படித்தார்கள்? லாரிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தபோது என் கையில் இருந்தது நான்கு வீட்டுப் பணம்.

இப்போது நட்சத்திரக்குறி மட்டும்தான். *1,850* என்று எண்ணோடு ஒட்டி வைத்தால் கொட்டை எழுத்தாகிவிடும். இடைவெளி விட்டால் ஆகாது. அடிக்கோடு (_) போட்டால் எழுத்து சாயும். ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் 'ஞ', 'ணை' எல்லாம் காற்றில் சாய்ந்த வாழைபோல நிற்கின்றன, எனக்குப் பிடிக்கவில்லை.

ராயப்பேட்டையிலிருந்து:

நட்சத்திரத்தை அவ்வளவு நம்ப வேண்டாம். தங்கை தன் கல்யாணப் பத்திரிகை வாசகத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள், மணமக்கள் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். அப்பா அதை அப்படியே நகலெடுத்து ஆண்டர்சன் தெருவில் ஒரு கடைக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். நகலெடுக்கும்போது கொட்டை எழுத்து வரவில்லை, குறிகள் மட்டும் கூடவே வந்தன. மெய்ப்புப் பார்த்த பெரியப்பாவும் அசையவில்லை. 400 பத்திரிகைகள் அச்சாகி வந்த பிறகு பெரியப்பாவைக் கேட்டோம். "பெண்ணுக்கும் பிள்ளைக்கும் நட்சத்திரப் பொருத்தம் இருக்கிறது என்று போட்டிருக்கிறீர்கள் என்றல்லவா நினைத்தேன்" என்றார்.

பெரம்பூரிலிருந்து:

நான் தெருவில் 20 பேருக்குச் சீட்டு நடத்துகிறேன். 2024இல் வந்த வசதிப்படி '1.' என்று தொடங்கினால் பட்டியல் தானாக வரிசையாகிறது; அதில் குறையில்லை. தொகைகளை நேர்கோட்டில் நிறுத்தத்தான் திண்டாடினேன். முன்னும் பின்னும் மூன்று மூன்று பின்சாய்வு மேற்கோள் (```) போட்டால் எல்லா எழுத்தும் ஒரே அகலமாகும் என்று மகன் சொன்னான். ஆங்கிலத்துக்கும் எண்ணுக்கும் சரிதான். தமிழில் 'ர' ஒல்லி, 'ணௌ' குண்டு; பெயர் முடிகிற இடம் ஆளுக்கு ஆள் மாற, தொகை ஏணிப்படியாக இறங்கியது. இப்போது தொகையை முன்னாலும் பெயரைப் பின்னாலும் எழுதுகிறேன். எண்கள் ஒழுங்காக நிற்கின்றன. எதிர்வீட்டு அண்ணாச்சிக்கு மட்டும், பணத்துக்குப் பின்னால் தன் பெயர் வருவதில் இன்னும் மனத்தாங்கல்.