"95 செ.மீ. மழை" என்றால் எதை, எப்படி அளந்தார்கள்?

கேள்வி (கடம்பாகுளம்):
2023 டிசம்பர் வெள்ளத்தின்போது காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ. என்று செய்தி வந்தது. இரண்டு ஊருக்கும் இடையே பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. 95 செ.மீ. என்பது ஊரில் நின்ற தண்ணீரின் உயரமா? எதில் பிடித்து அளக்கிறார்கள்? 17-ஆம் தேதி கொட்டித் தீர்த்த மழை, பட்டியலில் 18-ஆம் தேதிக் கணக்கில் இருக்கிறதே, ஏன்? வீட்டு மாடியில் நாமே அளக்க முடியுமா?

பதில் (மழைமானி):
நின்ற தண்ணீருக்கும் அந்த எண்ணுக்கும் சம்பந்தமில்லை. பெய்த மழை வழிந்தோடாமல், மண்ணுக்குள் இறங்காமல், ஆவியாகாமல் சமதரையில் அப்படியே நின்றால் எவ்வளவு உயரம் இருக்குமோ அதுதான் செ.மீ. கணக்கு. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஒரு கிரவுண்டு (2,400 சதுர அடி) மனையில் 95 செ.மீ. பெய்தால் ஏறக்குறைய 2,12,000 லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி 17-க்கும் மேல்! மேட்டிலிருந்து ஓடிவந்ததும், உடைந்த குளத்துத் தண்ணீரும் இதில் சேராது. அதனால்தான் குறைவாகப் பெய்த ஊரில்கூட இடுப்பளவு நிற்கும்.

வானிலைத் துறையின் சாதாரண மழைமானியின் வாய் 100 அல்லது 200 சதுர செ.மீ. தான். பெரியதன் விட்டமே 16 செ.மீ., சாப்பாட்டுத் தட்டைவிடச் சின்னது. விளிம்பு தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில் இருக்கும், அதற்குக் கீழே வைத்தால் தரையில் பட்டுத் தெறிக்கும் துளியும் உள்ளே விழும். உள்ளே பாலித்தீன் பாட்டில். 200 ச.செ.மீ. வாய்க்கு 10 லிட்டர் பாட்டில் இருந்தாலும் 50 செ.மீ. மழையில் நிரம்பிவிடும். ஆகவே பெருமழையில் நடுநடுவே அளந்து, ஊற்றிவிட்டு, கடைசியில் கூட்ட வேண்டும். வழிந்தது வெளிக்கலத்தில் தேங்கும். அதை விட்டுவிட்டால் கணக்கு குறையும்.

இன்னொரு தவறு: அளவுக் குவளை அந்தந்த வாய்க்கென்றே கோடு போட்டது. மாற்றி எடுத்தால் விடை இரண்டு மடங்காகும், அல்லது பாதியாகும்.

தேதி விஷயம் எளிது. காலை 8.30-க்கு அளந்து, முந்தைய 24 மணி நேர மழையை அன்றைய தேதியில் எழுதுவார்கள். 17 காலை 8.30 முதல் 18 காலை 8.30 வரை பெய்தது 18-இன் கணக்கு.

பதில் (வடிகால்):
மாடியில் அளக்கலாம். ஆனால் வாளி வேண்டாம். வாய் 30, அடி 22, உயரம் 28 செ.மீ. உள்ள வாளியில் ஸ்கேலை விட்டுப் பார்த்தால் 10 செ.மீ. மழை 15 செ.மீ. ஆகத் தெரியும். சரிந்த பக்கம்தான் காரணம்.

11.3 செ.மீ. உள்விட்டமுள்ள புனல் வாங்குங்கள். அதன் வாய்ப் பரப்பு ஏறக்குறைய 100 ச.செ.மீ. அடியில் 5 லிட்டர் கேன். கேனின் வெற்று எடையைக் கழித்து, சமையலறைத் தராசில் நிறுத்தால் போதும்: 10 கிராம் = 1 மி.மீ. விட்டத்தில் 3 மி.மீ. பிசகினால் விடையில் 5 சதவீதம் போய்விடும், ஆகவே இரண்டு திசையில் அளந்து பாருங்கள். ஆழமில்லாத புனலில் துளி தெறித்து வெளியே போகும். விளிம்பு சில செ.மீ. செங்குத்தாக இருக்கட்டும். கைப்பிடிச் சுவர் மூன்றடி என்றால் ஆறடியாவது தள்ளி, விளிம்பு சாயாமல் ரசமட்டம் பார்த்து வையுங்கள். மாடியில் காற்றுச் சுழல் துளிகளை அடித்துக்கொண்டு போகும் என்பதால் கொஞ்சம் குறைத்தே காட்டும். திறந்த முற்றம் இருந்தால் அதுவே நல்லது.

கேள்வி (கடம்பாகுளம்):
நன்றி சார். தானியங்கி நிலையம் காட்டுவது ஆள் அளந்ததைவிடக் குறைவாக இருப்பது ஏன்? "ரெட் அலர்ட்" விட்டும் எங்கள் தெருவில் தூறல்கூட இல்லையே?

பதில் (மழைமானி):
பல தானியங்கி மானிகளில் சீசா பலகை போல இரண்டு சின்னக் கிண்ணங்கள் இருக்கும். 0.2 அல்லது 0.5 மி.மீ.க்கு ஒருமுறை நிரம்பிக் கவிழும், அதை எண்ணுவார்கள். கவிழும் அந்த நொடிக்குள் விழும் தண்ணீர் எண்ணப்படாது. தூறலில் இது பெரிதல்ல. மேகம் பிளந்ததுபோலக் கொட்டும்போது கிண்ணம் ஓயாமல் கவிழ்வதால் இழப்பு கூடிக்கொண்டே போகும். புனல் வாயில் இலை அடைத்தால், மழை விட்டபிறகும் மணிக்கணக்கில் "பெய்துகொண்டே" இருக்கும். தரவில் இதைப் பார்த்தால் உடனே சந்தேகப்படலாம்.

அறிவிப்பில் வண்ணத்தைவிட வாசகத்தைப் படியுங்கள். கனமழை 64.5 முதல் 115.5 மி.மீ., மிகக் கனமழை 204.4 வரை, அதற்கு மேல் அதிகனமழை. "ஓரிரு இடங்களில்" என்றால் அந்தப் பகுதி நிலையங்களில் 25 சதவீதமோ அதற்குக் குறைவோ. "ஒருசில இடங்களில்" என்றால் 26 முதல் 50 சதவீதம். ஓரிரு இடங்களில் அதிகனமழை என்ற அறிவிப்பில், உங்கள் தெரு காய்ந்து கிடக்க, பத்து கிலோமீட்டர் தள்ளி 21 செ.மீ. பதிவானால் கணிப்பு பலித்ததாகவே கணக்கு.