2^67−1 இரட்டை எண்ணாம்! என் நிரலில் எங்கே தப்பு?

கேட்டவர்: வணக்கம். 2-இன் 67-ஆம் அடுக்கில் 1-ஐக் கழித்தால் 147573952589676412927 வர வேண்டும், 21 இலக்கம். இது பகா எண்ணா என்று பார்க்க ஜாவாஸ்கிரிப்டில் சின்னதாக ஒரு நிரல் எழுதினேன். ஓட்டியவுடன் 2 ஆல் வகுபடும் என்று சொல்லி நின்றுவிடுகிறது. 7-இல் முடியும் எண் எப்படி வகுபடும்? அச்சிட்டுப் பார்த்தால் 147573952589676410000 என்று காட்டுகிறது. எக்செல்லில் இன்னும் மோசம், கடைசி ஆறு இலக்கமும் பூஜ்யம். இரண்டு நாளாக மண்டை காய்கிறது.

பதில் 1: உங்கள் கணக்கு சரிதான், எண்ணை வைக்கும் பெட்டிதான் சின்னது. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண்ணில் 53 பிட் துல்லியம்தான் உண்டு, 9007199254740992-ஐத் தாண்டினால் எல்லா முழு எண்ணும் அதில் நிற்காது. நீங்கள் கழித்த 1 சத்தமில்லாமல் காணாமல் போய், உள்ளே வெறும் 2-இன் அடுக்கு மட்டும் மிஞ்சியிருக்கிறது, அது இரட்டை எண் இல்லாமல் வேறென்ன? எக்செல் 15 இலக்கத்தோடு நிறுத்திக்கொள்ளும். எவ்வளவு பெரிய முழு எண்ணையும் இலக்கம் தொலையாமல் வைக்கும் பிக்இன்ட் (BigInt) என்ற எண் வகைக்கு மாறுங்கள்.

கேட்டவர்: மாறினேன். இப்போது இரண்டு வகைகளைக் கலக்கக்கூடாது என்று பிழை வருகிறது.

பதில் 1: 2, 67, 1 மூன்றுக்கும் பின்னால் 'என்' (n) என்ற ஆங்கில எழுத்து வேண்டும். ஒன்றை விட்டிருப்பீர்கள்.

கேட்டவர்: ஆமாம், அந்த 1-ஐத்தான்! இப்போது ஓடுகிறது, ஆனால் முடிகிற மாதிரி தெரியவில்லை. எதுவரை வந்திருக்கிறது என்று தெரிய ஒவ்வொரு வகுத்தியையும் திரையில் அச்சிடுகிறேன்.

பதில் 2: முதலில் அந்த அச்சிடும் வரியைத் தூக்குங்கள், நேரத்தைத் தின்பதே அதுதான். அப்புறம், எல்லா எண்ணையும் சோதிக்கத் தேவையில்லை. இதன் ஒரு பகாக் காரணியால் 2, 4, 8 என்று அடுக்குகளை வகுத்துக்கொண்டே போனால் 67-ஆவதில் மீதி 1 வரும். 67 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் வராது. ஃபெர்மாவின் சிறு தேற்றத்தையும் (காரணியில் 1 குறைத்து அத்தனையாவது அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினாலும் மீதி 1 வரும்) சேர்த்துப் பார்த்தால், காரணியில் 1 குறைத்தால் கிடைப்பது 67-இன் மடங்கு, காரணி ஒற்றை எண் என்பதால் 134-இன் மடங்கு. ஆகவே 134 134-ஆகத் தாண்டுங்கள். அதிலும் 8 ஆல் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வருவதை மட்டும் எடுத்தால் வேலை பாதி.

பதில் 3: இது பகா எண் என்று 1644-இல் பிரெஞ்சுக் கணித அறிஞர் மெர்சென் பட்டியலிட்டார். 1876-இல் இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா அதை மறுத்தார், வேடிக்கை என்னவென்றால் ஒரு காரணியைக்கூடக் காட்டாமலே! அந்த வழியில் பின்னால் வந்த லூக்கா-லேமர் சோதனையை நீங்களும் எழுதிப் பார்க்கலாம்: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, இந்த எண்ணால் வகுத்த மீதியை வைத்துக்கொண்டு, இப்படி 65 தடவை. கடைசியில் பூஜ்யம் வராவிட்டால் பகு எண். காரணிகளை 1903-இல் அமெரிக்கக் கணித அறிஞர் கோல் கண்டுபிடித்தார். சொல்ல மாட்டேன், நீங்களே பிடியுங்கள்.

கேட்டவர்: பிடித்துவிட்டேன்! 193707721. 134-ஐ 1445580 தடவை தாண்டி வந்து மாட்டியது. இன்னொன்று 761838257287. பெருக்கினால் சரியாக வருமா, இல்லை மறுபடி எங்கேயாவது இலக்கம் தொலைந்திருக்குமா?

பதில் 1: 721-ஐயும் 287-ஐயும் பெருக்குங்கள், 206927. கடைசி மூன்று இலக்கம் 927. மீதியை பிக்இன்ட் பார்த்துக்கொள்ளும், 'என்' மட்டும் மறக்காதீர்கள்.