மறு: மைனர் வெர்ஷன் அப்கிரேடு – ‘உட்பதிப்பு உயர்த்தல்’ என்று வைக்கலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

தரவுத்தள மென்பொருளின் ‘மைனர் வெர்ஷன் அப்கிரேடு’க்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் இதுவரை சிறுமேம்பாடு, சிறுபதிப்பு மேம்படுத்தல், பதிப்பேற்றம், இற்றைப்படுத்தல் ஆகியவை வந்திருக்கின்றன. பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அலுவலகத்தில் தரவுத்தளங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவில் வேலை செய்கிறேன். சனிக்கிழமை இரவுகளில் இந்த வேலையைச் செய்கிறவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: ‘சிறு’ வேண்டாம்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளில் 16.3-இலிருந்து 16.4-க்குப் போவது மைனர், 16-இலிருந்து 17-க்குப் போவது மேஜர். இந்த இரண்டையும் பிரிப்பது வேலையின் அளவு இல்லை. மைனரில், வட்டில் தரவு எழுதப்பட்டிருக்கும் அமைப்பு மாறாது. சேவையை நிறுத்தி, நிரல் கோப்புகளை மட்டும் மாற்றி, மறுபடி ஓடவிடலாம். மேஜரில் அப்படி முடியாது. தரவை வெளியே எடுத்து மறுபடி ஏற்ற வேண்டும், அல்லது அதற்கென்றே இருக்கிற தனிக் கருவியைக் கொண்டு மாற்ற வேண்டும். புள்ளிக்குப் பின்னால் இருக்கிற எண் மாறினால் மைனர் என்று ஒரு நண்பர் எழுதியிருந்தார். 10-ஆம் பதிப்பிலிருந்து அது சரி. அதற்கு முன் 9.5-இலிருந்து 9.6-க்குப் போனதே மேஜர்தான்.

‘சிறு’ என்று பெயர் வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு 2022 ஜூனில் வந்த 14.4-ஐப் பாருங்கள். 14.0 முதல் 14.3 வரை, அட்டவணையைப் பூட்டாமல் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கும் சுட்டுப் பட்டியல்) கட்டும் கட்டளையில் ஒரு பிழை இருந்தது. இன்டெக்ஸ் சத்தமில்லாமல் கெட்டுப்போகும். 14.4-க்கு உயர்த்தினால் புதிதாகக் கெடாது, ஆனால் முன்பே கெட்டது கெட்டதுதான், அதை மறுபடி கட்ட வேண்டும். பெரிய அட்டவணைகள் உள்ள இடத்தில் அது மணிக்கணக்கில் ஓடும் வேலை. இன்னொன்று, 2024 நவம்பர் 14-இல் வந்த 17.1. உள்ளே ஒரு தரவுக் கட்டமைப்பின் அளவு மாறியதால், பழைய 17.0-க்காகத் தொகுத்த சில நீட்சிகளுக்கு (கூடுதல் வசதி தரும் இணைப்பு நிரல்கள்) சிக்கல் வரும் நிலை. அதைச் சரிசெய்ய ஒரே வாரத்தில், 21-ஆம் தேதி, 17.2 வந்தது. அனுமதி தரும் கூட்டத்தில் “சின்ன அப்கிரேடுதானே, டெஸ்ட் சர்வர்ல போட்டுப் பார்க்கணுமா?” என்று கேட்கிறார்கள். கேட்கிறவரைக் குறை சொல்ல மாட்டேன், பெயரே அவரை அப்படிக் கேட்க வைக்கிறது. அந்தப் பிசகைத் தமிழிலும் கொண்டுவர வேண்டுமா?

அதனால் ‘உட்பதிப்பு’ என்கிறேன். பட்டாவில் புல எண்ணுக்குள் உட்பிரிவு வருவது நம் எல்லாருக்கும் தெரியும். உட்பிரிவு பெரிதா சிறிதா என்று யாரும் கேட்பதில்லை, எந்த எண்ணுக்குள் வருகிறது என்பதுதான் செய்தி. 16.4 என்பது 16-க்குள் ஓர் உட்பதிப்பு. ஆரக்கிள் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் வரும் 19.22, 19.23 போன்றவையும் 19-இன் உட்பதிப்புகளே. மேஜருக்குத் ‘தலைப்பதிப்பு’ என்பது என் விருப்பம். ‘பெரும்பதிப்பு’ என்றால் மறுபடி அளவுக்கே போய்விடுகிறோம்.

அப்கிரேடுக்கு ‘உயர்த்தல்’. நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாகத் ‘தரம் உயர்த்தினார்கள்’ என்றுதான் அரசாணையிலும் செய்தியிலும் வருகிறது. ‘மேம்படுத்தல்’ ஏற்கெனவே நான்கைந்து பொருளைச் சுமக்கிறது. ‘பதிப்பேற்றம்’ அழகான சொல், ஆனால் ‘பதிவேற்றம்’ என்பதைப் போலவே காதில் விழும். நள்ளிரவு அழைப்பில் “பதிப்பேற்றிட்டீங்களா?” என்று கேட்டால் கோப்பை ஏற்றியாயிற்றா என்று எடுத்துக்கொள்வார்கள். இற்றைப்படுத்தல் அப்டேட்டுக்கு நிலைத்துவிட்டது, அதை அப்படியே விட்டுவிடுவோம்.

அப்புறம் ‘ரோலிங் அப்கிரேடு’, அதாவது ஒரே தரவுத்தளத்தை ஓட்டும் பல கணினிகளை ஒவ்வொன்றாக உயர்த்துவது. ‘உருள் மேம்படுத்தல்’ என்ற முன்மொழிவை என்னால் ஏற்க முடியவில்லை, இங்கே எதுவும் உருளவில்லை. ஆன்சிபிள் போன்ற தானியக்கக் கருவி என்ன செய்கிறது என்று பாருங்கள். முதலில் துணைக்கணுக்களில் (முதன்மைக் கணினியின் தரவை நகலெடுத்துக்கொண்டே ஓடும் கணினிகள்) ஒன்றை எடுக்கிறது. அதற்குப் போகும் இணைப்புகளை நிறுத்துகிறது, சேவையை நிறுத்தி நிரலை மாற்றுகிறது, மறுபடி ஓடவிட்டு, முதன்மையோடு சேர்ந்து ஓடுகிறதா என்று சரிபார்க்கிறது. சரியென்றால்தான் அடுத்த கணு. ஒன்றில் தவறினால் அங்கேயே நின்றுவிட வேண்டும், மற்றவை பழைய பதிப்பில் ஓடிக்கொண்டிருக்கும். துணைக்கணுக்கள் எல்லாம் முடிந்த பிறகு அவற்றில் ஒன்றிடம் முதன்மைப் பொறுப்பைக் கொடுத்து, பழைய முதன்மையைக் கடைசியில் உயர்த்துகிறது. துணைக்கணு முந்த வேண்டும் என்பதற்கும் காரணம் உண்டு: முதன்மை தன் மாற்றங்களை ஒரு பதிவுக் கோப்பில் எழுத, துணை அதைப் படித்துத்தான் பின்தொடர்கிறது. பழைய உட்பதிப்பு எழுதியதைப் புதியது படித்துவிடும், புதியது எழுதியதைப் பழையது படிக்கும் என்பதற்கு அவ்வளவு உறுதி இல்லை.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. அணையில் தண்ணீர் போதாத ஆண்டில் ஒரு வாய்க்கால் பாய்ந்து முடிந்த பிறகு அடுத்த வாய்க்காலுக்குத் திறப்பதை முறைப்பாசனம் என்கிறோம். ‘முறைவைத்து உயர்த்தல்’, சுருக்கமாக ‘முறையுயர்த்தல்’. குழுவில் சொல்லிப் பார்த்தேன். தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்த தம்பி ஒருவருக்கு விளக்கமே தேவைப்படவில்லை. சென்னையிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வரி சொல்ல வேண்டியிருந்தது. அது பரவாயில்லை.

திட்டமிட்டு முதன்மையை மாற்றுவதற்குப் ‘பொறுப்பு மாற்றம்’ என்று எழுதி வருகிறேன். முதன்மை திடீரென்று விழுந்து துணை எழுந்து நிற்பதற்கு இதே சொல்லைப் போடக் கூடாது, அது வேறு நிலை. அதற்கு எனக்கு இன்னும் சொல் அகப்படவில்லை.

அகராதிப் பதிவுக்கு என் வரைவு: “உட்பதிப்பு உயர்த்தல் – ஒரு தரவுத்தள மென்பொருளை அதே தலைப்பதிப்புக்குள் பிந்தைய வெளியீட்டுக்கு மாற்றுதல்.” தரவுக்குள் எதுவும் மாறாது என்று வேண்டுமென்றேதான் சேர்க்கவில்லை. ஆரக்கிளில் நிரலை மாற்றிய பிறகு தரவுத்தளத்துக்கு உள்ளேயும் சில மாற்றங்களை ஓடவிட வேண்டியிருக்கிறது. மைஎஸ்க்யூஎல் என்ற மற்றொரு தரவுத்தள மென்பொருளின் 8.0-இல் இன்னும் ஒரு படி மேலே: உயர்த்திய பிறகு, அதே 8.0-க்குள்ளேயே இருந்தாலும், முந்தைய வெளியீட்டுக்குத் திரும்புவதற்கு ஆதரவு கிடையாது. மைஎஸ்க்யூஎல்லில் தினமும் புழங்குகிறவர்கள் இந்த வரையறையைப் படித்து, எங்கே இடிக்கிறது என்று எழுதுங்கள். தமிழக அரசின் கலைச்சொல் தொகுப்பான சொற்குவைக்கு அனுப்புவதற்கு முன் திருத்திவிடலாம்.