"சோதனை நிலை" என்று எழுதி ஒட்டிவிட்டு மூன்று வருடம் மறந்த கதை (உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்)

கட்டளைவரி:
வணக்கம் நண்பர்களே. லாக் கோப்புகளை (நிரல்கள் தாம் செய்வதை வரி வரியாக எழுதி வைக்கும் பதிவுகள்) படித்து வடிகட்டித் தரும் ஒரு சின்னக் கருவியை நாங்கள் மூன்று பேர் ஓய்வு நேரத்தில் பராமரித்து வருகிறோம். மூன்று வருடத்துக்கு முன்னால் அதில் பல கோப்புகளை ஒரே நேரத்தில் படிக்கும் வசதியைச் சேர்த்தோம். ரீட்மீயில் (கருவியோடு வரும் அறிமுகக் கோப்பு) "சோதனை நிலை, மாறலாம்" என்று ஒரு வரி. அவ்வளவுதான். எதுவரை சோதனை, என்ன நடந்தால் சோதனை முடிந்தது என்று அர்த்தம், அதை யார் முடிவு செய்வது, ஒன்றும் எழுதவில்லை.

அந்த வசதியில் வெவ்வேறு கோப்புகளின் வரிகள் ஒன்றோடொன்று கலந்து வரும். போன மாதம் அதைச் சரிசெய்து, கோப்பு வாரியாக வரும்படி மாற்றினோம். மறுநாளே ஒருவர் இஷ்யூ (புகார்ப் பதிவு) திறந்தார்: அவருடைய இரவு ஸ்கிரிப்ட் வரி வர வர வாங்கிக்கொள்ளுமாம், இப்போது முதல் கோப்பு முழுதாக முடியும் வரை மற்றதெல்லாம் காத்துக் கிடக்கிறதாம். "சோதனை நிலை என்றுதானே போட்டிருக்கிறோம்" என்று கொஞ்சம் மிடுக்காகவே பதில் எழுதினேன். அவர் சண்டைக்கெல்லாம் வரவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வேறொருவருக்கு நானே எழுதிய பதிலின் சுட்டியை மட்டும் ஒட்டினார்: "பயப்படாமல் பயன்படுத்துங்கள், நாங்களே தினமும் இதைத்தான் ஓட்டுகிறோம்." மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது சொல்லுங்கள்.

சரி, இனிமேலாவது ஒழுங்காக நிலைகளை வரையறுத்து எழுதலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். இதில் சூடுபட்டவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

இரவுப்பணி:
சூடுபட்டவன் வந்துவிட்டேன். குபெர்னெடிஸ் (பல கணினிகளில் மென்பொருள்களை ஓட்டி நிர்வகிக்கும் அமைப்பு) கிளஸ்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. அங்கே ஆல்ஃபா (ஆரம்பச் சோதனை), பீட்டா (அடுத்த கட்டச் சோதனை), ஸ்டேபிள் (நிலையானது) என்று மூன்று நிலையும் தெளிவாக எழுதியே இருக்கிறது, ஆனால் யார் படித்தார்கள்? வெளியிலிருந்து வரும் கோரிக்கைகளை உள்ளே திருப்பிவிடும் இன்கிரெஸ் ஏபிஐ (நிரல்கள் பயன்படுத்தும் இடைமுகம்) வருடக்கணக்கில் பீட்டாவிலேயே இருந்தது, ஊரே அதை புரொடக்‌ஷனில் ஓட்டியது, நாங்களும்தான். 2020-ல் 1.19 பதிப்பில் ஒருவழியாக ஸ்டேபிள் ஆனது, 2021-ல் 1.22-ல் பழைய பீட்டா பதிப்பை எடுத்துவிட்டார்கள். நடுவில் ஒவ்வொரு டிப்ளாயின்போதும் (புதிய பதிப்பை ஏற்றும்போதும்) "இது காலாவதியாகப் போகிறது" என்று எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. எங்கே வந்தது? யாரும் திறந்தே பார்க்காத பைப்லைன் லாகில். அப்கிரேட் செய்த பிறகு முதல் டிப்ளாய் விழுந்தபோது ராத்திரி பதினொன்றரை, நாற்பது யாமல் (அமைப்புகளை எழுதும்) கோப்புகளைத் தேடித் தேடித் திருத்தினோம். அவர்கள் சொல்லாமல் செய்யவில்லை, நாங்கள்தான் கேட்கவில்லை.

பாட் செக்யூரிட்டி பாலிசி (ஓடும் நிரல்களுக்கு என்னென்ன அனுமதி என்று கட்டுப்படுத்தும் வசதி) கதை இன்னும் மோசம். அது பீட்டாவைத் தாண்டவே இல்லை, 1.21-ல் காலாவதி என்று அறிவித்தார்கள், 1.25-ல் போயே போய்விட்டது. பீட்டா என்றால் கொஞ்ச நாளில் பாஸாகிவிடும் பிள்ளை என்று நான் நினைத்திருந்தேன். ஃபெயிலும் ஆகலாம் என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

இப்போது அவர்களிடம் எனக்குப் பிடித்த விதி ஒன்று உண்டு. பீட்டா ஏபிஐ ஒன்று வந்தால் 9 மாதம் அல்லது 3 மைனர் வெளியீடு, இதில் எது அதிகமோ அதற்குள் அது காலாவதிப் பட்டியலுக்குப் போய்விட வேண்டும். அதற்குள் ஸ்டேபிள் ஆகு, இல்லையா, திருத்திய அடுத்த பீட்டாவாக வா. காலம் முழுக்க பீட்டாவிலேயே குடியிருக்க முடியாது. கூடவே 1.24 முதல் புதிய பீட்டா ஏபிஐகள் தானாக இயங்காது, நாமாகத்தான் இயக்க வேண்டும். கட்டளைவரி, நீங்கள் எழுதும் ஆவணத்தில் வேறு எது இல்லாவிட்டாலும் இந்தக் கெடு இருக்கட்டும்.

முன்னோட்டம்:
நான் ஜாவா பக்கம். ஸ்ட்ரிங் டெம்ப்ளேட் (எழுத்துத்தொடருக்குள் நேரடியாக மதிப்புகளைச் செருகும்) வசதி ஜாவா 21-ல் முன்னோட்டமாக வந்தது, 22-ல் மறுபடி முன்னோட்டம், 23-ல் காணோம். வடிவமைப்பே சரியில்லை என்று திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அது ரொம்பவே பிடித்திருந்தது, ஒரு சொந்த புராஜெக்ட் முழுக்க அதில்தான் எழுதியிருந்தேன், எல்லாவற்றையும் பழையபடி மாற்ற ஒரு வாரக் கடைசி போனது.

ஆனால் அலுவலகக் கோடில் ஒரு வரிகூட அது இல்லை. நான் ஒன்றும் புத்திசாலி இல்லை, போட முயன்று தோற்றவன். முன்னோட்ட வசதி வேண்டுமென்றால் கம்பைல் செய்யும்போதும் ஒரு ஃபிளாக் (கட்டளையோடு சேர்க்கும் தேர்வு) கொடுக்க வேண்டும், ஓட்டும்போதும் கொடுக்க வேண்டும். அப்படிக் கம்பைல் ஆன கிளாஸ் கோப்பு வேறு ஜாவா பதிப்பில் ஓடவும் ஓடாது. ரிவ்யூவில் மூத்தவர் அந்த ஃபிளாகைப் பார்த்ததுமே "இது என்னப்பா?" என்று நிறுத்திவிட்டார். அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. ரஸ்ட் மொழியிலும் இதே கெடுபிடிதான், நைட்லி (தினமும் வரும் சோதனைப் பதிப்பு) இல்லாமல் சோதனை வசதியைத் தொட்டால் E0554 என்று முகத்தில் அடித்த மாதிரி பிழை வரும்.

ரீட்மீயில் ஒரு வரி எழுதினால் யாரும் படிக்கப் போவதில்லை, படித்தாலும் "நமக்கொன்றும் ஆகாது" என்றுதான் நினைப்பார்கள். கையால் ஒரு பூட்டைத் திறக்க வைத்தால்தான் மண்டையில் ஏறும்.

பழைய கர்னல்:
பூட்டு பூட்டு என்கிறீர்களே, லினக்ஸ் கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி) அப்படி ஒன்று இருந்தது. எக்ஸ்பெரிமெண்டல் என்று ஒரு கான்ஃபிக் தேர்வு, அதை "ஆம்" என்று வைத்தால்தான் சோதனை நிலையில் உள்ள டிரைவர்கள் மெனுவிலேயே தெரியும். நானும் கர்னல் கம்பைல் செய்த காலத்தில் முதல் வேலையாக அதை "ஆம்" ஆக்கிவிட்டுத்தான் மற்றதைப் பார்ப்பேன், ஏனென்றால் எனக்கு வேண்டிய பாதி விஷயம் அதற்குப் பின்னால்தான் இருந்தது! லினக்ஸ் விநியோகங்களும் (தயார் நிலையில் தரப்படும் லினக்ஸ் தொகுப்புகள்) அப்படியே வைத்திருந்தன. உள்ளே இருந்த பல டிரைவர்கள் எப்போதோ பக்குவப்பட்டுவிட்டன, லேபிளை மட்டும் யாரும் கழற்றவில்லை. 2013-ல் 3.9-ல் அந்தத் தேர்வையே தூக்கிப் போட்டார்கள்.

எல்லா வசதிக்கும் சேர்த்து ஒரே பூட்டு போட்டால் இந்தக் கதைதான். வசதிக்கு ஒன்று வேண்டும்.

இன்னொன்று, நிலையைப் பெயருக்குள் நுழைக்காதீர்கள். வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்-ல் வெப்கிட் (சஃபாரி பிரௌசரின் இன்ஜின்) என்ற முன்னொட்டோடு வந்த சோதனைப் பண்புகளை வலைத்தளங்கள் அப்படியே எழுதித் தள்ளின, கடைசியில் 2016-ல் ஃபயர்ஃபாக்ஸே அடுத்த பிரௌசரின் முன்னொட்டை ஏற்றுக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. சோதனைக்கு வைத்த செல்லப் பெயர் கல்யாணப் பத்திரிகை வரைக்கும் வரும்.

சும்மா படிப்பவன்:
பைத்தானில் அசிங்க்-ஐஓ (பல வேலைகளை ஒன்றுக்கொன்று காத்திருக்காமல் ஓட்டும் நூலகம்) 3.4 பதிப்பில் தற்காலிகம் என்ற குறிப்போடு வந்து 3.6-ல் நிலையானது. அந்த இடைவெளியில் நான் எழுதிய கோடைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருந்தது, ஆனால் கோபம் வரவில்லை, மாறும் என்று ஆவணத்தின் தலையிலேயே போட்டிருந்தார்கள். நோட்-ஜேஎஸ் (ஜாவாஸ்கிரிப்டை பிரௌசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) சோதனை நிலையையே 1.0, 1.1, 1.2 என்று மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. அவ்வளவு பெரிய புராஜெக்டுக்கு அது சரி. மூன்று பேர் பார்க்கும் கருவிக்கு ஐந்து நிலை வைத்தால், எந்த வசதி எந்த நிலை என்று குறித்து வைக்கவே நாலாவது ஆள் வேண்டும். சோதனை, நிலையானது, இரண்டு போதும் அண்ணா.

கட்டளைவரி:
எல்லாருக்கும் நன்றி. நேற்று மூவரும் பேசி முடித்தோம், இரண்டே நிலைதான். சோதனை வசதி ஒவ்வொன்றுக்கும் தனித்தனி என்விரான்மென்ட் வேரியபிள் (ஓட்டுபவர் தன் கணினியில் வைக்கும் ஒரு மதிப்பு), அதை வைக்காமல் அந்த வசதி ஓடாது. சேர்க்கும்போதே "இந்த வெளியீட்டில் முடிவு எடுக்கப்படும்" என்று எண் எழுதியாக வேண்டும். அந்த எண் வந்தும் முடிவு எடுக்காவிட்டால் டெஸ்ட் ஃபெயில் ஆகும், ரிலீஸ் போட முடியாது. இந்தக் கடைசி யோசனை எங்களில் இளையவருடையது, என்னை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார் என்று சந்தேகம்.

பழைய வசதியை வரிகள் கலந்து வரும் அதே குணத்தோடு நிலையானது என்று அறிவித்துவிட்டோம், கோப்பு வாரியாக வேண்டுபவர்களுக்குத் தனி ஆப்ஷன். இஷ்யூவை மூடியபோது முதல் கட்டைவிரல் அந்த இரவு ஸ்கிரிப்ட்காரருடையது.