கோப்பி பாக்கெட்டை ஓரமா வைங்க

தாமான் ஆண்கள் குழு

குமார்: பசார் மாலாம்ல (இரவுச் சந்தை) விறைப்புக் கோளாறுக்குன்னு 'ஆண்கள் கோப்பி' விக்கிறாங்க. நம்ம பசங்க வாங்குறாங்க. டிரெசர் (மருத்துவ உதவியாளர்) அண்ணே, குடிக்கலாமா?

டிரெசர் அண்ணன்: வேண்டாம் தம்பி. இந்த மாதிரி கோப்பியில சில்டனாபில், தடலாபில்ங்கிற விறைப்பு மருந்தைச் சொல்லாம கலக்குறாங்க. எவ்வளவு கலந்திருக்குன்னு பாக்கெட்டுல இருக்காது. முறையான மருந்துன்னா மலேசிய மருந்துப் பதிவான எம்.ஏ.எல். எண்ணும் ஹோலோகிராம் ஸ்டிக்கரும் இருக்கும்.

பார்மசி மாறன்: நெஞ்சு வலிக்கு நாக்குக்கு அடியில ஜிடிஎன் (நைட்ரேட் மாத்திரை) வைக்கிறவங்க இதைத் தொடவே கூடாது. ரெண்டும் சேர்ந்தா பிரஷர் படார்னு இறங்கி உயிருக்கே ஆபத்து. குடிச்ச பிறகு நெஞ்சு வலிச்சா, ஆஸ்பத்திரியில வெட்கப்படாம சொல்லிடுங்க. சில்டனாபில்னா 24 மணி நேரம், தடலாபில்னா 48 மணி நேரம் ஜிடிஎன் கொடுக்க மாட்டாங்க.

குமார்: இந்த விறைப்புக் கோளாறு வயசாலயா வருது?

டிரெசர் அண்ணன்: வயசு ஒரு பங்குதான். விறைப்புங்கிறதே ரத்த ஓட்டம். ஆசை வந்ததும் நரம்புலயும் ரத்தக்குழாய் உள்சுவர்லயும் நைட்ரிக் ஆக்சைடு சுரக்கும். குழாய் தளரும், ரத்தம் பாயும், உப்பின திசு வெளியேறுற நாளத்தை நசுக்கி ரத்தத்தை உள்ளேயே நிறுத்தும். சிகரெட், இனிப்பு நீர் (சர்க்கரை நோய்), பிரஷர், கொலஸ்ட்ரால் எல்லாம் அந்த உள்சுவரைத்தான் கெடுக்குது. ஆணுறுப்புல குழாய் 1–2 மில்லிமீட்டர், இதயத்துல 3–4. சின்னதுலதான் அடைப்பு முதல்ல தெரியும். இதய நோய் வர்றதுக்கு 2–5 வருஷம் முன்னாடியே இங்க காட்டிடலாம். அதனாலதான் மறைக்காதீங்கன்னு கெஞ்சுறேன்.

செல்வா: காலையில எழும்பும்போது சரியா இருக்குன்னா?

டிரெசர் அண்ணன்: அப்ப குழாயும் நரம்பும் பெரும்பாலும் நல்லா இருக்கு. கவலை, தூக்கம், குடியைப் பாக்கணும். காலையிலயும் கொஞ்சம் கொஞ்சமா குறைஞ்சா ரத்த ஓட்டத்தைச் சந்தேகப்படணும்.

செல்வா: தோட்டத்துல தினம் நடக்குறோமே அண்ணே, போதாதா?

டிரெசர் அண்ணன்: நின்னு நின்னு நடக்குறது பத்தாது. பேச முடியணும், பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்கணும். 40 நிமிஷம், வாரத்துக்கு 4 நாள். 6 மாசம் விடாம செய்யணும். இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்குக் கீழ இருக்கட்டும். தே தாரேக்குக்கு (இனிப்புப் பால் டீ) பதிலா தே ஓ கோசோங் (பால், சீனி இல்லாத டீ). சிகரெட்டை அடியோட விடணும், குறைச்சா போதாது.

பார்மசி மாறன்: சில பிரஷர் மாத்திரையும் இதுக்குக் காரணமாகலாம். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் கொடுப்பார். விறைப்பு 4 மணி நேரம் இறங்கலைன்னா உடனே எமர்ஜென்சி.

குமார்: கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசு சுகாதார கிளினிக்) என்னென்ன டெஸ்ட் கேக்கணும்?

டிரெசர் அண்ணன்: பிரஷர், எச்பிஏ1சி (ரெண்டு மூணு மாசச் சராசரி சர்க்கரை), கொலஸ்ட்ரால். வெறும் வயித்துச் சர்க்கரையும் பாக்குறாங்கன்னா 8 மணி நேரம் தண்ணி மட்டும். சாப்பிடுற மருந்தையெல்லாம் பையில போட்டு எடுத்துட்டுப் போங்க, அந்தக் கோப்பி பாக்கெட்டையும் சேர்த்து.