ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாமுக்குப் பிள்ளையை அனுப்பலாமா?

பிளஸ்ஒன்_அம்மா:
பையன் பிளஸ் ஒன், உயிரியல் குரூப். காலாண்டு விடுமுறையில் ஏழு நாள் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) சிறப்பு முகாமாம். பக்கத்துக் கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் தங்கல். காலையில் உடலுழைப்பு, மதியம் யாராவது வந்து பேசுவார்கள், சாயங்காலம் கலை நிகழ்ச்சி. அவன் போயே தீருவேன் என்று குதிக்கிறான். எனக்குத்தான் மனசு வரவில்லை. நீட் கோச்சிங்கில் ஒரு வாரம் விட்டுப்போனால் யார் ஈடுகட்டுவது? தெருக் கூட்டுவதற்கா பள்ளிக்கு அனுப்புகிறோம்?

கரிசல்காட்டான்:
தெருக் கூட்டுவதை இவ்வளவு கேவலமாக நினைக்கிறீர்களே, அதற்காகவே அனுப்பலாம். 1969இல் காந்தி நூற்றாண்டு சமயத்தில் தொடங்கிய திட்டம் இது. கையில் மண் படாமல் படிக்கிற பிள்ளைகளுக்காகத்தான். பதினொன்றாம் வகுப்புக்குப் பொதுத்தேர்வும் இப்போது இல்லை. இந்த வருஷம் போகாமல் பன்னிரண்டில் போகவா விடப்போகிறீர்கள்?

கணக்கு_வாத்தியார்:
உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். நான் சில வருடம் திட்ட அலுவலராக இருந்தவன். முகாமில் நடப்பதைச் சொல்கிறேன்.

சீமைக் கருவேலம் அகற்றல் என்று பேனர் கட்டுவார்கள். பிள்ளைகள் அரிவாளால் தரைக்கு மேலே வெட்டுவார்கள். தூர் அப்படியே நிற்கும். ஒரு மழை பெய்தால் ஒரு கிளை இருந்த இடத்தில் நாலு துளிர்க்கும். வேரோடு எடுக்க ஜேசிபி வேண்டும், பதினாறு வயதுப் பிள்ளைகளால் ஆகாது. பார்த்தீனியம் இன்னும் மோசம். பூத்த செடியை வெறுங்கையால் பிடுங்கச் சொன்னால் விதையும் சிதறும், பிள்ளைக்குத் தோலும் தடிக்கும். சில பள்ளிகள் அரையாண்டு விடுமுறையில் போய் மரக்கன்று நடுகின்றன. அதற்குள் பருவமழை ஓய்ந்துவிடுகிறது. கோடையில் அந்தக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றுவது யார்?

கரிசல்காட்டான்:
சார், இதெல்லாம் வேலையைத் தேர்ந்தெடுத்தவர் மேல் உள்ள குறை. முகாமை ஏன் திட்டுகிறீர்கள்? புரட்டாசியில் கண்மாய்க் கரையில் பனை விதை போடச் சொல்லுங்கள். விதை காசு கொடுக்காமல் கிடைக்கும், ஒரு முழம் குழி போதும், ஐப்பசி மழை மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். வேலி வேண்டாம், தண்ணீர் ஊற்ற ஆளும் வேண்டாம்.

கணக்கு_வாத்தியார்:
பனை விதை சரி, ஒப்புக்கொள்கிறேன். என் வழக்கு வேறு. என்.எஸ்.எஸ். விதிப்படி மாணவர் வருஷத்துக்கு 120 மணி நேரம் வேலை செய்ய வேண்டும். தத்தெடுத்த கிராமத்துக்கு வருஷம் முழுக்கப் போய்வர வேண்டும் என்பதுதான் கணக்கு. அந்த மணி நேரமெல்லாம் பதிவேட்டில் மட்டும் ஓடுகிறது. முகாம் முடிந்த மறுநாள் அந்த ஊர்ப் பக்கம் ஒருவரும் தலைவைத்துப் படுப்பதில்லை. அப்புறம் அது என்ன தத்து?

ஓலைப்பெட்டி:
கூட்டுவதையும் வெட்டுவதையும் பற்றியே பேசுகிறீர்கள். நான் போன முகாமில் எனக்கு ஒட்டியது சாயங்காலம்தான். முதல் நாள் நாங்கள் சினிமாப் பாட்டுக்கு ஆட, ஊர்க்காரர்கள் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த நாள் ஒரு பாட்டி எழுந்து வந்து, "இப்படியா தட்டுறது?" என்று என் கையைப் பிடித்தார். விரல் நுனி படக் கூடாது, உள்ளங்கையைக் குவித்துத் தட்டினால்தான் கும்மிக்குச் சத்தம் கனக்கும். குனிந்து தட்டி நிமிர்வதற்குள் காலும் மாற வேண்டும். அரை மணியில் இடுப்பு விட்டுப்போனது. பாட்டிக்கு மூச்சுகூட வாங்கவில்லை. கடைசி இரவு மேடையில் ஆடியது அவர்களும் நாங்களும் சேர்ந்துதான்.

ஆனால் இரண்டு விஷயம் இன்னும் உறுத்துகிறது. பள்ளியில் பெண்களுக்கு ஒரே கழிப்பறை, அதற்கும் தாழ்ப்பாள் இல்லை. பாதிப் பெண்களை ஆறு மணி பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், கும்மியே அவர்களுக்குத் தெரியாது. இன்னொன்று, ஊர்த்தெரு மூன்றையும் கூட்டினோம், காலனிப் பக்கம் போகவே இல்லை. ஏன் என்று கேட்டதற்கு, "பஞ்சாயத்தில் சொன்ன இடத்தில் செய்தால் போதும்" என்று பதில் வந்தது.

கரிசல்காட்டான்:
அங்கே போய்க் கூட்டியிருந்தால் மட்டும் என்ன மாறியிருக்கும்?

ஓலைப்பெட்டி:
ஒன்றும் மாறாது என்றால் கோயில் தெருவை ஏன் கூட்டினோம்? எங்களோடு வந்த இரண்டு பேரின் சொந்தக்காரர்கள் அந்தக் காலனியில் இருந்தார்கள். அந்த ஏழு நாளும் அவர்கள் முகம் எப்படி இருந்தது என்று நான் பார்த்தேன். நீங்கள் பார்க்கவில்லை.

கணக்கு_வாத்தியார்:
அம்மா, அனுப்புவது உங்கள் இஷ்டம். அதற்கு முன் பள்ளியில் மூன்று கேள்வி கேளுங்கள்: என்ன வேலை, எந்தெந்தத் தெரு, பெண் பிள்ளைகள் எங்கே தங்குகிறார்கள். பதில் சொல்லத் திணறினால் கோச்சிங்குக்கே போகட்டும்.

பிளஸ்ஒன்_அம்மா:
கேட்டுவிட்டேன். வேலை பனை விதையாம், பரவாயில்லை. தெருவைப் பற்றிக் கேட்டதும், "பையன்தானே வருகிறான், உங்களுக்கு எதற்கு இதெல்லாம்?" என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை டெஸ்டுக்கு மட்டும் அழைத்து வந்துவிட்டுத் திரும்ப விடலாமா என்றும் கேட்டேன், முடியாதாம்.

கரிசல்காட்டான்:
ஞாயிறுதான் நிறைவு விழா. டெஸ்டை விடச் சொல்லுங்கள்.

கணக்கு_வாத்தியார்:
தெருக் கேள்விக்கு முதலில் பதில் வரட்டும்.