ரீஃப் டேங்க் பாசி: துடைக்கத் துடைக்கக் கூடினது ஏன்?

பவளத்தொட்டி, டொராண்டோ

என்ர ரீஃப் டேங்கில, அதாவது பவளம் வளர்க்கிற கடல்நீர்த் தொட்டியில, காலையில லைட் போடேக்க மணல் வெள்ளையா இருக்கும். பின்னேரம் அதே மணலில பிரவுண் சளி, நூல் நூலா, ஒவ்வொரு நூலின்ர நுனியிலும் ஒரு காற்றுக்குமிழ். ராத்திரி லைட் நிண்ட பிறகு பாத்தா ஒண்டும் இராது. பட்டவைக்கு இவ்வளவு சொன்னாலே விளங்கும். டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் எண்ட ஒற்றை உயிரணுப் பாசி.

புது டேங்க் இல்லை. ஆர்.ஓ.டி.ஐ. எண்ட நல்லா வடிகட்டின தண்ணி, நுரையால அழுக்கை எடுக்கிற நல்ல ஸ்கிம்மர், பாஸ்பேட்டை உறிஞ்சுற ஜி.எஃப்.ஓ. ரியாக்டர், எல்லாம் ஓடிச்சு. நைட்ரேட் பூச்சியம், பாஸ்பேட் பூச்சியம். கடையில காட்டினா, "தண்ணி நல்லா இருக்கு, மணலை மட்டும் உறிஞ்சி எடுங்கோ" எண்டு சொல்லிச்சினம். உறிஞ்சி எடுத்துப் புது உப்புத்தண்ணி விட, அடுத்த நாள் இன்னும் கூட வந்திது. டர்போ நத்தையள் கண்ணாடியில இருந்து கழண்டு தலைகீழா விழத் தொடங்கிச்சு.

மனசை விட்டுப் போகாதது இதுதான். மகளின்ர மைக்ரோஸ்கோப்பில அந்தச் சளியில ஒரு சொட்டு வைச்சுப் பாத்தன். கண்ணீர்த் துளி வடிவத்தில உயிரணுக்கள், ஒவ்வொண்டும் கூர்முனையை ஒரு இடத்தில ஊண்டிக்கொண்டு செக்குமாடு மாதிரிச் சுத்துது. டைனோவில ஒரு வகை, ஒஸ்ட்ரியாப்சிஸ். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் இல்லாத தண்ணியில மற்றப் பாசியெல்லாம் பட்டினி கிடக்க, இதுக்குப் போட்டிக்கு ஆளே இல்லை. அதுக்குப் பிறகு ஜி.எஃப்.ஓ.வைக் கழட்டி, தண்ணி மாத்துறதை நிப்பாட்டி, நைட்ரேட்டை 5 பி.பி.எம். பக்கமும் பாஸ்பேட்டை 0.1 பக்கமும் ஏத்தி, தண்ணியில மிதக்கிறதைக் கொல்லுற யூவி விளக்குப் பூட்டினன். ராவில இது மணலை விட்டுத் தண்ணிக்குள்ள மிதக்கும், யூவி அப்ப பிடிக்கும். அதோட குறைஞ்சது. தண்ணியில சத்தைக் கூட்டித்தான் டேங்க் சுத்தமானது எண்டு சொன்னா இங்க ஒருத்தரும் நம்பினமில்லை. வேற ஆருக்கும் இப்பிடி நடந்ததோ?

கொளத்தூர் மீன்காரன், சென்னை

அண்ணா, யூவிக்கெல்லாம் காசு போட வேணாம். லைட்ட ஆஃப் பண்ணி டேங்க்க மூணு நாள் கறுப்புத் துணியில மூடி வைங்க, போதும். நான் கண்ணால பாத்தேன்.

எங்க வீட்ல மீனும் பாறையும் மட்டும்தான். கல்பவளம் எல்லாம் 2001லேருந்தே வனவிலங்குச் சட்டத்துல முதல் அட்டவணையில இருக்கு, அதனால அந்தப் பக்கம் நான் போறதே இல்ல. பாறை முழுக்க கருஞ்சிவப்புப் படலம். எவ்ளோ உறிஞ்சினாலும் திரும்ப வரும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்ப எங்க ஏரியாவுல கரண்ட் போச்சு. பேட்டரி ஏர் பம்ப் ஒண்ண வச்சு மீன உயிரோட வச்சிருந்தேன், லைட் கிடையாது. கரண்ட் வந்தப்புறம் டார்ச் அடிச்சுப் பாக்குறேன், படலம் வெளுத்துப் போயிருக்கு. ஒரு ஓரத்த விரலால தூக்கினேன், பாறையோட அந்தப் பக்கம் முழுக்க ஒரே துண்டா உரிஞ்சு கையில வந்துச்சு. அந்த நாத்தம் இன்னும் மூக்குலயே இருக்கு. இருட்டுதாண்ணா மருந்து.

சிராங்கூன் ரீஃப், சிங்கப்பூர்

தம்பி, உங்களுடையது சயனோ. அது பாக்டீரியா, பாசியே கிடையாது. ஒரே துண்டா உரிஞ்சு வந்ததே அதுக்கு அடையாளம். டைனோவை இருட்டுல போட்டா ஒளிஞ்சுக்கும், லைட் போட்டதும் திரும்பி வரும். பவளத்தொட்டி சொன்ன யூவியும் எல்லா டைனோவுக்கும் சரிவராது. ஆம்ஃபிடினியம்ங்கிற டைனோ வகை ராத்திரியிலயும் மணலுக்குள்ளதான் இருக்கும், யூவி வரைக்கும் அது வராது. அதுக்குச் சிலிக்கேட் விட்டு டயாட்டம்ங்கிற வேற பாசியை வளர்த்துப் போட்டி கொடுக்கிறவங்க உண்டு. எந்த வகைன்னு பார்க்காம மருந்து சொல்றது தப்பு.

அந்த நத்தைகள் விழுந்ததைப் படிச்சதும்தான் நான் எழுத உட்கார்ந்தேன். ஒஸ்ட்ரியாப்சிஸ் பாலிடாக்ஸின் குடும்பத்து நஞ்சைச் சுரக்கும். 2005 கோடையில இத்தாலியில ஜெனோவா கடற்கரையில அது பெருகி, காற்றுல வந்த நீர்த்துளியைச் சுவாசிச்சே சுமார் 200 பேர் மருத்துவமனைக்குப் போனாங்க. அதே நஞ்சு நம்ம வீட்டு டேங்க்ல வளர்ற பாலிதோவாங்கிற பவளம் மாதிரி உயிரிலயும் இருக்கு.

நண்பர் வீடு, புளோக்ல எட்டாவது மாடி. ஹேர் ஆல்கேங்கிற முடிப்பாசி பிடிச்ச கல்லைச் சமையலறை சிங்க்ல வச்சு, கெட்டிலோட கொதிநீரை ஊத்தினார். கல்லோட அடியில பழுப்புப் பாலிதோவாக்கள். ஆவி மேல வந்தது. அவரோட அம்மா பக்கத்து அறையில டிவி பார்த்துட்டு இருந்தாங்க. கல்லைத் தொடவே இல்லை. முதல் இருமல் அவங்களோடதுதான். அது எனக்கு இன்னும் காதுல கேட்குது. அப்புறம் எங்க எல்லாருக்கும் வாய்ல உலோகக் கசப்பு, ராத்திரி நடுக்கத்தோட காய்ச்சல். அவசரப் பிரிவுல இருந்த மருத்துவர் இதைக் கேள்விப்பட்டதில்லை. அலாஸ்காவில ஆங்கரேஜ் நகரத்துல 2012லிருந்து 2014 வரை வீட்டு டேங்க்குகளாலயும் மீன்தொட்டிக் கடையிலயும் நடந்த நச்சுச் சம்பவங்களைப் பற்றி அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. 2015ல வெளியிட்ட அறிக்கையை போன்ல காட்டின பிறகுதான் விஷயம் புரிஞ்சது. இதுக்கு மாற்று மருந்து கிடையாது, மூச்சைக் கவனிச்சுக்கிட்டே இருக்கணும். அம்மா தேறி வீட்டுக்கு வந்துட்டாங்க. 2018ல இங்கிலாந்தில ஆக்ஸ்ஃபோர்ட்ஷயர்லயும் டேங்க் சுத்தம் செய்யப் போய் ஒரு குடும்பமே மருத்துவமனையில சேர்ந்தது.

கொதிநீர் வேண்டவே வேண்டாம். காய்ந்த கல்லை பிரஷ்ஷால தேய்க்காதீங்க. கையுறை, கண்ணாடி, ஜன்னல் திறந்திருக்கணும், கல் தண்ணிக்குள்ளயே இருக்கணும். குழந்தைகளையும் நாய் பூனையையும் வெளியே அனுப்பிட்டு ஆரம்பிங்க.

நூறுலிட்டர், கோவை

எனக்கு டைனோ வந்ததில்ல. ஆனா ஒரு பழைய டேங்க் வாங்கினேன். கடையில பாக்கறப்ப கண்ணாடி பளிச்சுனு இருந்துச்சு. வீட்டுல தண்ணி ஊத்தி நீல லைட் போட்டதும், முன் கண்ணாடி முழுக்க வளைவு வளைவா கீறல். முன்னாடி வச்சிருந்தவங்க காந்தத் துடைப்பான்ல மணல் சிக்கினதைப் பாக்காம இழுத்திருக்காங்க.

அதனால சொல்றேனுங்க, காந்தத்தை மணல்மட்டத்துக்கு மேல இரண்டு விரல்கடை விட்டே நிறுத்துங்க. ஊதா நிற கொரலைன் பாசி காந்தத்துக்கு வராது, சுண்ணாம்பு மாதிரி கெட்டிங்க. கண்ணாடின்னா பிளேடு வச்சுச் சுரண்டலாம், அக்ரிலிக்னா பழைய ஏடிஎம் கார்டு. மூலையில சிலிக்கான் மேல மட்டும் பிளேடு படவே கூடாது, ஒரு தடவ வெட்டுப்பட்டா அங்கதான் பின்னால ஒழுகும். பம்ப்புக்கு வினிகரும் தண்ணியும் பாதிக்குப் பாதி. இல்லாட்டி மளிகைக் கடையில லெமன் சால்ட்டுனு கேட்டா சிட்ரிக் ஆசிட் குடுப்பாங்க, லிட்டருக்கு நாலு பெரிய ஸ்பூன். நுரை அடங்கற வரைக்கும் பம்ப்ப அதுக்குள்ளயே ஓட விடுங்க. அப்புறம் உள்ள சுத்தற இறக்கையான இம்பெல்லரைக் கழட்டி அந்தக் குழிக்குள்ள சின்ன பிரஷ் விட்டுத் தேய்க்கணும், அங்க படியற சுண்ணாம்புதான் பம்ப் சத்தம் போடறதுக்குக் காரணம். நல்ல தண்ணியில ரெண்டு தடவ அலசிட்டு மாட்டுங்க. ஸ்கிம்மர் கழுத்த தினம் துடைச்சா நுரை நல்லா ஏறும். ஹீட்டர் மேலயும் படியும், பிளக்கைப் புடுங்கி ஆற விட்டுட்டுக் கழுவுங்க.

கொளத்தூர் மீன்காரன், சென்னை

சிங்கப்பூர் அண்ணன் சொல்றது சரி, என்னோடது சயனோவாவே இருக்கட்டும். ஆனா வீட்ல மைக்ரோஸ்கோப் இல்லாதவன் எந்த வகைன்னு எப்படிண்ணா கண்டுபிடிப்பான்?

பவளத்தொட்டி, டொராண்டோ

வகை சொல்ல மைக்ரோஸ்கோப்தான் வேணும் தம்பி, 400 மடங்கு காணும். டைனோவோ இல்லையோ எண்டு மட்டும் பாக்க ஒரு வழி இருக்கு. கையுறை போட்டுக்கொண்டு, சளியை டேங்க் தண்ணியோட ஒரு போத்தலில எடுத்து நல்லாக் குலுக்குங்கோ. காபி ஃபில்டர் தாளில வடிச்சு, கீழ இறங்கின தண்ணியை லைட்டுக்குக் கீழ ஒரு மணித்தியாலம் வையுங்கோ. திரும்பவும் ஒண்டு சேர்ந்து நூல் கட்டினா டைனோ எண்டு எடுக்கலாம்.